எக்ஸ்போ ஆன் பண்ணதும் புது பிசி பூட் ஆகலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது பிசி அசெம்பிள் பண்ணியாச்சு, விண்டோஸ் போட்டாச்சு, ரெண்டு நாள் நல்லாத்தான் ஓடுச்சு, அப்புறம் யாரோ "ரேம் 4800லதான்டா ஓடுது, பயாஸ்ல போய் எக்ஸ்போ ஆன் பண்ணு"ன்னு சொல்ல, ஆன் பண்ணி சேவ் குடுத்தா ரீஸ்டார்ட் ஆகி ஃபேன் மட்டும் சுத்துது, மானிட்டர்ல நோ சிக்னல். எனக்கு வர்ற கேள்வியில பாதி இதே கதைதான், அதனால பதிலை ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். எக்ஸ்போன்னா ரேமை அதோட பெட்டில போட்டிருக்குற ஸ்பீடுல ஓட வைக்கற ஏஎம்டி செட்டிங், பயாஸ்னா விண்டோஸுக்கு முன்னாடி போர்டை எழுப்பற ப்ரோகிராம். ஏஎம்5 (ஏஎம்டியோட ப்ராசஸர் சாக்கெட்) போர்டு, ரைசன் 7000 இல்லன்னா 9000 ப்ராசஸர், டிடிஆர்5 6000 ரேம் கிட்டு (சேத்து விக்கற ரெண்டு ஸ்டிக்), இதை வச்சுத்தான் சொல்றேன். இன்டெல்ல எங்க மாறுதோ அங்க அதையும் சொல்லிடறேன்.

கேள்வி: ஃபேன் சுத்துது, ஆர்ஜிபி எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரல. போர்டு போயிடுச்சா ப்ரோ?

அனேகமா ஒண்ணும் போகல. எக்ஸ்போ ஆன் பண்றதால ரேமுக்கு 1.1 வோல்ட்டுக்கு பதிலா 1.35, 1.4 அந்த மாதிரி போகும், அது அந்த கிட்டுக்குன்னே கம்பெனி டெஸ்ட் பண்ணி எழுதி வச்ச அளவு, அதுல எதுவும் எரிஞ்சு போறதில்ல. நடந்தது என்னன்னா, புது ஸ்பீடை பயாஸ் ஞாபகத்துல வச்சிருக்கு, ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் அதே ஸ்பீடுல ரேமை எழுப்பப் பாக்குது, எழும்ப மாட்டேங்குது. அந்த செட்டிங்கை அழிச்சிட்டா பழையபடி 4800ல வந்துடும்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. சும்மா உக்காந்திருக்கறது. பவர் பட்டன் மேல கை வைக்காம 15 நிமிஷம் விடுங்க. டீ போட்டு குடிச்சிட்டு வாங்க. நிஜமாத்தான் சொல்றேன், பாதி பேருக்கு இதோட முடிஞ்சிடுது.

கேள்வி: 15 நிமிஷமா? எதுக்கு அவ்ளோ நேரம்? என் பழைய டிடிஆர்3 பிசி அஞ்சு செகண்ட்ல வருமே.

மெமரி ட்ரெயினிங் நடக்குது. 6000 ஸ்பீடுன்னா ஒரு கம்பியில ஒரு செகண்டுக்கு 600 கோடி பிட் போகுது, ஒரு பிட்டுக்கு கிடைக்கிற நேரம் சுமாரா 167 பிகோ செகண்ட். அந்த நேரத்துல வெளிச்சமே 5 சென்டிமீட்டர்தான் போகும், போர்டுக்குள்ள ஓடுற காப்பர் லைன்ல அதுலயும் பாதிதான். அப்போ ப்ராசஸர்லேர்ந்து ரேமுக்குப் போற ஒவ்வொரு லைனும் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் சிக்னல் முன்ன பின்ன வந்து சேரும். அதனால ப்ராசஸருக்குள்ள இருக்குற மெமரி கன்ட்ரோலர் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியா எழுதிப் பாத்து, படிச்சுப் பாத்து, இந்த லைனுக்கு இவ்ளோ லேட்டா பாக்கணும், இந்த அளவு வோல்டேஜ் வச்சா சரியா வருதுன்னு ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு வச்சுக்கணும். ஸ்பீடு ஏற ஏற இது கஷ்டம். டிடிஆர்3 காலத்துல இந்த வேலை கொஞ்சம்தான், சட்டுனு முடிஞ்சிடும்.

இது நடக்கும்போது ஸ்க்ரீன்ல எதுவும் வராது, ஏன்னா ரேமே இன்னும் ரெடியாகல, படம் காட்டறதெல்லாம் அதுக்கப்புறம்தான். 2022ல ஏஎம்5 வந்த புதுசுல ஜனங்க பயந்து போர்டை திருப்பிக் குடுத்துடுவாங்கன்னே ஏஸ்ராக் ரேம் ஸ்லாட் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிச்சாங்க, நாலு 32 ஜிபி போட்டா முதல் பூட்டுக்கு 400 செகண்ட் வரை ஆகும்னு. இப்போ பயாஸ் எல்லாம் எவ்வளவோ தேறிடுச்சு, 2x16 கிட்டுன்னா ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சிடும். இருந்தாலும் ட்ரெயினிங் ஃபெயில் ஆனா போர்டே ரீஸ்டார்ட் ஆகி மறுபடி ட்ரை பண்ணும், சில தடவ பண்ணிப் பாத்துட்டு தானாவே டீஃபால்ட் ஸ்பீடுக்கு இறங்கி "ஓவர்க்ளாக்கிங் ஃபெயில்ட், எஃப்1 அமுக்கு"ன்னு காட்டும். அதுக்குத்தான் 15 நிமிஷம். நீங்க நடுவுல ஆஃப் பண்ணா எல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.

கேள்வி: போர்டுல மஞ்சளா ஒரு லைட் எரியுது, பக்கத்துல டிராம்னு போட்டிருக்கு. ரேம் டேமேஜா?

அது டீபக் லைட். சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு நாலு இருக்கும், எந்த ஸ்டெப்ல நிக்குதோ அது எரியும். ட்ரெயினிங் நடக்கறப்பவும் டிராம் லைட்தான் எரியும், ஃபெயில் ஆனாலும் அதேதான் எரியும், அதனால லைட்டைப் பாத்து ரேம் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. டிராம் எரிஞ்சு அணைஞ்சு, பிசி ஒரு தடவ ஆஃப் ஆகி ஆன் ஆகி, மறுபடி எரிஞ்சா அது முயற்சி பண்ணிட்டு இருக்குன்னு அர்த்தம், விட்டுடுங்க. அந்த 15 நிமிஷம் தாண்டியும் அசையாம அதே லைட் எரிஞ்சா அப்ப சிமாஸ் கிளியர், அதாவது பயாஸ் செட்டிங்கை அழிக்கறது.

காஸ்ட்லி போர்டுல லைட்டுக்கு பதிலா ரெண்டு எழுத்து கோடு காட்டுற டிஸ்ப்ளே இருக்கும். ஏஎம்5ல 15ன்னு ரொம்ப நேரம் நின்னா ட்ரெயினிங், 55ன்னா ரேமே இருக்கிறதா தெரியல. மத்ததுக்கு மேனுவலோட கடைசி பக்கத்துல டேபிள் இருக்கும்.

விஜிஏ லைட் எரிஞ்சா முதல்ல மானிட்டர் கேபிள் எங்க சொருகியிருக்குன்னு பாருங்க. சிரிக்காதீங்க, கிராபிக்ஸ் கார்டை விட்டுட்டு போர்டுல சொருகி வச்சுட்டு எக்ஸ்போ மேல பழி போட்டவங்க உண்டு.

கேள்வி: சரி, சிமாஸ் கிளியர் எப்படி பண்றது? பயமா இருக்கு.

முதல்ல போர்டோட பின்பக்கம், யுஎஸ்பி போர்ட் இருக்குற எடத்துல, கிளியர் சிமாஸ்னு சின்ன பட்டன் இருக்கான்னு பாருங்க. இருந்தா பிசியை ஆஃப் பண்ணி, அதை கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிச்சா போதும், வேலை முடிஞ்சுது.

இல்லன்னா ஜம்பர். பவர் சப்ளை ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி, ஒயரை சுவத்துலேர்ந்து புடுங்கிடுங்க. புடுங்கின அப்புறம் பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அமுக்கிப் புடிங்க, உள்ள மிச்சமிருக்குற கரண்ட் போயிடும், போர்டுல எரிஞ்சிட்டு இருந்த குட்டி லைட்டும் அணைஞ்சிடும். இப்போ போர்டோட கீழ் ஓரத்துல தனியா ரெண்டு பின் நிக்கும், எம்எஸ்ஐ போர்டுல ஜேபேட்1, அசூஸ்ல சிஎல்ஆர்டிசி, ஜிகாபைட்ல சிஎல்ஆர் சிமாஸ்னு பக்கத்துல குட்டி எழுத்துல அச்சடிச்சிருக்கும். மொபைல் டார்ச் அடிச்சுத்தான் படிக்க முடியும். மேல மூடி எதுவும் இருக்காது, சும்மா ரெண்டு பின். ஸ்க்ரூ டிரைவர் நுனியை ரெண்டு பின்னும் ஒண்ணா படுற மாதிரி பத்து செகண்ட் வச்சிருங்க, அவ்ளோதான். பக்கத்துல ஃப்ரன்ட் பேனல் பின்னு, யுஎஸ்பி பின்னு எல்லாம் வரிசையா இருக்கும், அதைத் தொட்டுடாதீங்க. கரண்ட் இல்லாததால தொட்டாலும் பெருசா ஆகாதுதான், ஆனா பின் வளைஞ்சா தலைவலி.

அதுவும் கண்ணுக்குத் தெரியலன்னா பேட்டரி. சிஆர்2032, வெள்ளி கலர்ல பெரிய பொட்டு சைஸ்ல இருக்கும், வாட்ச் கடையிலயும் கிடைக்கும். சில போர்டுல கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், கார்டைக் கழட்டணும். பக்கத்துல இருக்குற கிளிப்பை நகத்தால தள்ளினா மேல எகிறும். அஞ்சு நிமிஷம் வெளிய வச்சிட்டு பிளஸ் பக்கம் மேல இருக்குற மாதிரி திரும்ப வச்சிடுங்க. ஜம்பர், பேட்டரி ரெண்டுல எதுன்னா நான் ஜம்பரைத்தான் சொல்வேன், ஒயரைப் புடுங்காம பேட்டரியை மட்டும் கழட்டறவங்கதான் "கழட்டியும் ஒண்ணும் ஆகல"ன்னு வந்து நிப்பாங்க. ஒயர் சொருகியிருக்குற வரைக்கும் ஸ்டேண்ட்பை கரண்ட் போய்ட்டே இருக்கும், பேட்டரி இல்லாமலே செட்டிங் உசுரோட இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். சிமாஸ் கிளியர் பண்ணதும் பழைய ட்ரெயினிங்கும் சேந்து அழிஞ்சிடும். அடுத்த பூட்ல 4800க்கு புதுசா ட்ரெயின் பண்ணும், மறுபடி கருப்பு ஸ்க்ரீன், மறுபடி டிராம் லைட். அதைப் பாத்து "இன்னும் சரியாகல"ன்னு திரும்ப ஆஃப் பண்ணி திரும்ப கிளியர் பண்ணா விடிய விடிய இதேதான் நடக்கும். கிளியர் பண்ணிட்டு திரும்பவும் ஒரு 10 நிமிஷம் கை வைக்காம இருக்கணும்.

கேள்வி: கிளியர் பண்ணேன், வெயிட்டும் பண்ணேன், அப்பவும் வரலண்ணா.

ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் வச்சுப் பாருங்க. ப்ராசஸர் பக்கத்துலேர்ந்து எண்ணினா ரெண்டாவது ஸ்லாட், ஏ2ன்னு போட்டிருக்கும். ரெண்டு ஸ்டிக் போட்டா ரெண்டாவதும் நாலாவதும், ஏ2 பி2. முதலாவதும் மூணாவதும் போட்டிருந்தா அதுவே காரணமா இருக்கலாம், ஏன்னா பெரும்பாலான போர்டுல லைன் முதல் ஸ்லாட் வழியா போய் ரெண்டாவதுல முடியும், நடுவுல ஸ்டிக் வச்சு கடைசியை காலியா விட்டா சிக்னல் அந்த காலி முனையில மோதித் திரும்பும், 4800ல தாங்கும், 6000ல தாங்காது.

ஸ்டிக்கை சொருகும்போது ரெண்டு ஓரத்துலயும் அழுத்தி அமுக்கணும், இப்ப வர்ற பல போர்டுல ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கு, இன்னொரு பக்கம் சரியா உக்காராமலே உக்காந்த மாதிரி இருக்கும். முதல் ஸ்டிக்ல வரலன்னா ரெண்டாவது ஸ்டிக்கை அதே ஸ்லாட்ல போட்டுப் பாருங்க, அப்புறம் பி2ல. இதுல ஒரு ஸ்டிக் மட்டும் எந்த ஸ்லாட்லயும் வரலன்னா ஸ்டிக் போயிருக்கு. எந்த ஸ்டிக் போட்டாலும் ஒரு பக்க ஸ்லாட் மட்டும் வரலன்னா சாக்கெட்டைப் பாக்கணும்.

ஏஎம்5ல பின் எல்லாம் போர்டு சாக்கெட்லதான் இருக்கு, 1718 பின், இன்டெல் 12லேர்ந்து 14வது ஜென் வரைக்கும் 1700. அதுல ஒண்ணு வளைஞ்சாலும் ஒரு மெமரி சேனல் (ரேமுக்குப் போற ரெண்டு பாதையில ஒண்ணு) மொத்தமா காணாம போகலாம். பின் நல்லா இருந்து கூலரை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தாலும் இதே கூத்துதான். நாலு ஸ்க்ரூவையும் கொஞ்சம் லூஸ் பண்ணி, குறுக்குக் குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா சமமா இறுக்கிப் பாருங்க. ஒரு பையன் கடைக்கு எடுத்துட்டுப் போயி "போர்டு மாத்தணும்"னு சொல்லிட்டாங்கன்னு வந்தான், கூலரைக் கழட்டி மாட்டினதும் ரெண்டு ஸ்டிக்கும் தெரிஞ்சுது.

கேள்வி: பூட் ஆகுது, ஆனா இப்ப விண்டோஸ் நீல ஸ்க்ரீன்ல ரெக்கவரி கீ கேக்குது! ரேமுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ரேமுக்கு இல்ல, சிமாஸ் கிளியருக்கு. விண்டோஸ் 11 பல மெஷின்ல உங்களைக் கேக்காமலே டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணிடும், அந்த என்கிரிப்ஷனோட சாவி டிபிஎம்ங்கற பாதுகாப்புப் பகுதில இருக்கும், பயாஸ் செட்டிங் மாறினா "இது அதே மெஷின்தானா"ன்னு அதுக்கு சந்தேகம் வந்துடும். 48 இலக்க கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும், மொபைல்ல லாகின் பண்ணி எடுத்துக்கோங்க. பயாஸ் அப்டேட் பண்ணப் போறவங்க அதை முன்கூட்டியே எழுதி வச்சுக்கோங்க, அப்டேட்டுக்கு முன்னாடி பிட்லாக்கரை (விண்டோஸோட அந்த என்கிரிப்ஷன்) சஸ்பெண்ட் பண்றது இன்னும் நல்லது. "டிபிஎம் ரீசெட் பண்ணவா, ஒய் ஆர் என்"னு பயாஸ் கேட்டா கீ கையில இல்லாம ஒய் அமுக்காதீங்க.

இன்டெல்காரங்களுக்கு ஒண்ணு. விஎம்டின்னு ஒரு ஸ்டோரேஜ் செட்டிங் இருக்கு, விண்டோஸ் போடும்போது அது ஆன்ல இருந்து கிளியர் பண்ணதும் ஆஃப் ஆயிட்டா, இல்ல அதுக்கு உல்டாவா ஆனா, இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்னு எரர் வரும். செட்டிங்கை முன்ன இருந்தபடி மாத்தினா போதும், ஃபார்மட் எல்லாம் வேணாம்.

கேள்வி: ரேம் பெட்டில பெருசா 6000னு போட்டுத்தானே காசு வாங்கறாங்க? ஓடலன்னா ஏமாத்து வேலைதானே?

கோவம் நியாயம்தான். ஆனா அந்த 6000 ரேம் சிப்போட வாக்கு மட்டும்தான். ப்ராசஸர்காரனும் போர்டுகாரனும் அதுல கையெழுத்துப் போடல. ஏஎம்டி ரைசன் 7000க்கு சொல்றது 5200, 9000க்கு 5600. இன்டெல் 12வது ஜென்னுக்கு 4800, 13க்கும் 14க்கும் அதிகபட்சம் 5600. அதுவும் ரெண்டு ஸ்டிக்குக்கு. இதுக்கு மேல எல்லாமே ஓவர்க்ளாக்கிங், எக்ஸ்போன்னு ஒத்த கிளிக்ல வந்தாலும் சரி, எக்ஸ்எம்பின்னு வந்தாலும் சரி. எக்ஸ்எம்பி 2007லேர்ந்து இருக்கற இன்டெல் சமாச்சாரம், எக்ஸ்போ 2022ல ஏஎம்டி கொண்டு வந்தது, ரெண்டுமே ரேம் ஸ்டிக்குக்குள்ள இருக்குற சின்ன சிப்புல ஸ்பீடு, டைமிங் (ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை க்ளாக் காத்திருக்கணும்ங்கற எண்), வோல்டேஜ் மூணையும் எழுதி வைக்கற ஒரு லிஸ்ட்தான். அந்த லிஸ்டைப் படிச்சு ஓட்ட வேண்டியது உங்க ப்ராசஸர்.

ஒரே மாடல் ப்ராசஸர் ரெண்டு வாங்கினா ஒண்ணுல மெமரி கன்ட்ரோலர் 6400 வரைக்கும் அசால்ட்டா போகும், இன்னொண்ணு 6000லயே முக்கும். ரைசன் 7000ல பெரும்பாலும் ரெண்டு ஸ்டிக் 6000 ஓடிடும், அதனாலதான் எல்லாரும் அதையே வாங்கச் சொல்றோம். 6400, 7200 கிட்டு ஆஃபர்ல கிடைச்சுதுன்னு வாங்கிட்டு வந்து ஏஎம்5ல போட்டு பூட் ஆகலன்னா எனக்கு ஆச்சரியமே இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது போர்டு கம்பெனி சைட்ல இருக்குற மெமரி சப்போர்ட் லிஸ்ட். கிட்டோட முழு பார்ட் நம்பரை அதுல தேடணும், பேரும் ஸ்பீடும் ஒத்துப்போனா மட்டும் பத்தாது, ஒரே பேர்ல உள்ள சிப் ஹைனிக்ஸா சாம்சங்கா மைக்ரானான்னு மாறும். லிஸ்ட்ல இல்லாதது ஓடாதுன்னு இல்ல, இருந்தா தைரியமா வாங்கலாம்.

கேள்வி: எக்ஸ்எம்பி கிட்டு வாங்கிட்டேன், போர்டு ஏஎம்டி. அதனாலயா?

ஓடும். போர்டு அதைப் படிச்சு தன்கிட்ட இருக்குற பேர்ல காட்டும். எக்ஸ்போல ஏஎம்டிக்கு ஏத்த சப் டைமிங் எழுதியிருக்கும், எக்ஸ்எம்பில அது இல்லாததால போர்டே யூகிச்சுப் போடும், அங்க சில நேரம் உதைக்கும், அவ்ளோதான்.

கேள்வி: முதல்ல 2x16 இருந்துச்சு, அதே கிட்டு இன்னொண்ணு வாங்கி நாலு ஸ்லாட்டும் ஃபுல் பண்ணேன். அதுலேர்ந்து எக்ஸ்போ வேலை செய்யல.

செய்யாது. இது ரிப்பேர் பண்ற பிரச்சனை இல்ல. ரைசன் 7000, 9000 ரெண்டுக்குமே நாலு ஸ்டிக்குக்கு ஏஎம்டி சொல்ற ஸ்பீடு 3600. ஆமா, 3600. ஒரு சேனல்ல ரெண்டு ஸ்டிக் தொங்கினா கன்ட்ரோலருக்கு சுமை ரெண்டு மடங்கு, சிக்னலும் கலங்கும். நல்ல பயாஸ் இருந்தா சிலருக்கு 5200, 5600 போகும், 6000ல நாலு ஸ்டிக் நிக்கறது அதிர்ஷ்டம் இருக்கறவனுக்கு.

64 ஜிபி வேணும்னா 2x32 கிட்டு, அதுக்கும் மேலன்னா 2x48. இருக்கறதை வித்துட்டு வாங்குங்க, தனியா ரெண்டு வாங்கி சேத்தா ஒரே பார்ட் நம்பர்னாலும் உள்ள சிப் வேற பேட்ச்சா இருக்கும், கம்பெனி சேத்து டெஸ்ட் பண்ணது ஒரு பெட்டிக்குள்ள இருக்குற ரெண்டை மட்டும்தான்.

கேள்வி: டீஃபால்ட்ல பூட் ஆயிடுச்சு. திரும்ப எக்ஸ்போ போடலாமா, இல்ல அப்படியே விட்டுடவா?

போடலாம், ஆனா முதல்ல பயாஸ் அப்டேட். 4800ல ஸ்டெடியா ஓடுதில்ல, இப்பவே பண்ணிடுங்க, ஓவர்க்ளாக்ல வச்சுட்டு பயாஸ் ஃப்ளாஷ் பண்ணவே கூடாது. ஏஎம்5ல ரேம் சம்பந்தமான பாதி வியாதி ஏஜீசா (பயாஸுக்குள்ள ஏஎம்டி குடுக்கற பகுதி) அப்டேட்லயே போயிடுது.

அப்டேட் ஆனதும் எக்ஸ்போ ப்ரொஃபைலை செலக்ட் பண்ணுங்க, சேவ் குடுத்துட்டு வெளிய வராதீங்க, அதே பக்கத்துல மெமரி ஃப்ரீக்வென்சியை மட்டும் 5600க்கு குறைங்க. டைமிங்கும் வோல்டேஜும் ப்ரொஃபைல்ல இருக்கறபடியே இருக்கட்டும். பூட் ஆனா 5800, அப்புறம் 6000. ஒவ்வொரு தடவையும் ட்ரெயினிங்குக்கு டைம் குடுங்க. 6000ல மட்டும் நிக்க மாட்டேங்குதுன்னா யுசிஎல்கேன்னு (மெமரி கன்ட்ரோலரோட க்ளாக்) ஒரு லைன் இருக்கும், அது மெம்க்ளாக்குக்கு (ரேமோட க்ளாக்) சமமா ஒண்ணுக்கு ஒண்ணுல இருக்கும், அதைப் பாதியாக்கினா பூட் ஆகும், ஆனா லேட்டன்சி (டேட்டா வந்து சேர ஆகுற தாமதம்) ஏறிடும். 6000ல பாதியாக்கி ஓட்டறதை விட 5600ல சமமா ஓட்டறது மேல்னு நான் சொல்வேன்.

கேள்வி: வோல்டேஜை கொஞ்சம் ஏத்திவிட்டா நின்னுடும்னு ஒரு வீடியோல சொன்னாங்களே?

எந்த வோல்டேஜ்னு சொன்னாங்களா? ரேமோட விடிடி (ரேமுக்குப் போற மெயின் வோல்டேஜ்) 1.35 இருந்தா 1.4 வைக்கறதுல பெரிய ஆபத்து இல்ல. எஸ்ஓசி வோல்டேஜ் வேற கதை, அதுதான் ப்ராசஸருக்குள்ள மெமரி கன்ட்ரோலருக்குப் போறது. 2023 ஏப்ரல்ல ரைசன் 7800எக்ஸ்3டி ப்ராசஸர் வந்த கையோட சிலருக்கு ப்ராசஸரும் சாக்கெட்டும் கருகிப் போச்சு, எக்ஸ்போ ஆன் பண்ணா சில போர்டு எஸ்ஓசியை தானாவே ஏத்திவிட்டது வெளிய வந்துச்சு, அதுக்கப்புறம் ஏஎம்டி ஏஜீசாவிலயே 1.3 வோல்ட்டுக்கு மேல போகாம பூட்டு போட்டுட்டாங்க. பழைய பயாஸ்ல இருக்கறவங்களுக்கு அந்தப் பூட்டு கிடையாது. அதனால வருஷக் கணக்குல ஸ்டாக்ல கிடந்த போர்டு வாங்கியிருந்தா எக்ஸ்போவுக்கு முன்னாடியே பயாஸ் அப்டேட். எஸ்ஓசியை கையால போடறதா இருந்தா 1.2லேர்ந்து 1.25க்குள்ள, 1.3 வரைக்கும் ஏத்தியும் நிக்கலன்னா ஸ்பீடைக் குறைங்க.

கேள்வி: டிஸ்ப்ளேவே வரல, பயாஸ் எப்படி அப்டேட் பண்றது?

பின்னாடி ஃப்ளாஷ்பேக்னு பட்டன் இருந்தா டிஸ்ப்ளே வேணாம், ரேம், ப்ராசஸர் கூட வேணாம், 24 பின் பவர் கேபிளும் சிபியு பவர் கேபிளும் சொருகியிருந்தா போதும். பென்டிரைவ் ஃபேட்32ல ஃபார்மட் பண்ணி, பயாஸ் ஃபைலை கம்பெனி கேக்கற பேர்ல மாத்தி, குறிப்பிட்ட அந்த ஒரு யுஎஸ்பி போர்ட்ல சொருகி பட்டனை அமுக்கணும். லைட் மினுக்கிட்டே இருக்கும், நிக்கற வரைக்கும் தொடாதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேலயே ஆகும். நம்ம ஊர்ல கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது, அதனால யுபிஎஸ்ல வச்சுப் பண்ணுங்க. மழை பெய்யறப்ப, சாயங்காலம் மின்வெட்டு நேரத்துல ஆரம்பிக்காதீங்க.

கேள்வி: எக்ஸ்போ ஆன்ல பூட் ஆகுது, விண்டோஸும் வருது. ஆனா கேம் நடுநடுவுல டெஸ்க்டாப்புக்கு வந்துடுது. கிராபிக்ஸ் டிரைவரா?

எக்ஸ்போவை ஆஃப் பண்ணிட்டு அதே கேமை விளையாடுங்க. க்ராஷ் நின்னா டிரைவரை விட்டுடுங்க, ரேம்தான். பூட் ஆகுதுங்கறதும் ஸ்டேபிளா இருக்குங்கறதும் வேற வேற, பூட்டே ஆகாதது கூட பரவால்ல, உடனே தெரிஞ்சிடும். அரைகுறையா ஓடறதுதான் ஆபத்து, ஒரு பிட் தப்பா மாறி அது அப்படியே டிஸ்க்ல எழுதப்பட்டா உங்க ஃபைல் கெட்டுப் போகும், ஜிப் ஃபைல் விரியாது, கேம் இன்ஸ்டால் ஆகும்போது எரர் வரும், விண்டோஸ் அப்டேட் காரணமே இல்லாம ஃபெயில் ஆகும்.

மெம்டெஸ்ட்86 பிளஸ்ங்கற ரேம் டெஸ்ட் ப்ரோகிராம் ஃப்ரீ, பென்டிரைவ்ல போட்டு ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்க. சிவப்புல ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், "ஒண்ணுதானே"ன்னு விடக்கூடாது. அது பாஸ் ஆனாலும் விண்டோஸுக்குள்ள டெஸ்ட்மெம்5, இல்லன்னா ஓசிசிடி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க, மெம்டெஸ்ட்ல மாட்டாதது இதுல மாட்டும். கூடவே ஹெச்டபிள்யு இன்ஃபோ திறந்து ரேம் டெம்பரேச்சரைப் பாருங்க, டிடிஆர்5ல ஸ்டிக்லயே சென்சார் இருக்கு. ரேம் சூடாகச் சூடாக செல்லுல இருக்குற சார்ஜ் சீக்கிரம் வடிஞ்சிடும், அதனால மார்கழியில பாஸான செட்டிங் சித்திரை வெயில்ல, கிராபிக்ஸ் கார்டோட சூட்டுக்காத்து மேல அடிக்கறப்போ, எரர் குடுக்கலாம். டெஸ்ட்டை ஏசி ரூம்ல பண்ணிட்டு மொட்டைமாடி ரூம்ல போய் விளையாடுற ஆளா இருந்தா அந்த ரூம்லயே டெஸ்ட் பண்ணுங்க.

விண்டோஸ் ஏற்கனவே கெட்டுப் போயிருந்தா ரேமை சரி பண்ண அப்புறமும் க்ராஷ் தொடரும். எஸ்எஃப்சி ஸ்கேன்னவ்ங்கற விண்டோஸ் ரிப்பேர் கமாண்டை ஓட்டுங்க, அதுக்கும் மசியலன்னா புதுசா இன்ஸ்டால்.

கேள்வி: தினமும் ஆன் பண்ணா டிஸ்ப்ளே வர ஒரு நிமிஷம் ஆகுது. இது நார்மலா?

ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து ட்ரெயின் பண்ணுது. பயாஸ்ல மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்னு ஒண்ணு இருக்கும், ஆன் பண்ணா பழைய ட்ரெயினிங்கை அப்படியே எடுத்துக்கும், சட்டுனு வரும். அது ஆன்ல இருந்தா பவர் டவுன் எனேபிளும் ஆன்ல இருக்கட்டும், அதை ஆஃப் பண்ணிட்டு இதை மட்டும் வச்சா சிலருக்கு நீல ஸ்க்ரீன் வருது. ஸ்லீப்லேர்ந்து எழுப்பினா தொங்குதுன்னாலும் முதல்ல சந்தேகப்பட வேண்டியது இந்த செட்டிங்தான்.

கேள்வி: எல்லாம் ஓகே ஆச்சு, ஆனா சிபியு இசட் ப்ரோகிராம்ல 3000னு காட்டுது. பாதி ஸ்பீடுலதான் ஓடுதா?

இல்ல, சரியாத்தான் ஓடுது. டிடிஆர்னா ஒரு க்ளாக்குக்கு ரெண்டு தடவ டேட்டா, 3000 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் இன்டு ரெண்டு 6000.

கேள்வி: 5600க்கு மேல போகவே மாட்டேங்குது. எவ்ளோ நஷ்டம்?

கணக்கு பாருங்க. ரெண்டு ஸ்டிக் போட்டா 6000ல செகண்டுக்கு 96 ஜிபி, 5600ல 89.6, 4800ல 76.8. இது காகிதக் கணக்கு. லேட்டன்சின்னு பாத்தா 6000 சிஎல்30ன்னா (சிஎல்ங்கறது டைமிங்ல முதல் எண்) 10 நானோ செகண்ட், 5600 சிஎல்28ன்னாலும் அதே 10தான். அதனால 5600ல டைமிங்கை கொஞ்சம் இறுக்கினா கேம்ல உங்களால வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எக்ஸ்3டி ப்ராசஸர்னா உள்ள இருக்குற பெரிய கேஷ் மெமரியே பாதி வேலையைப் பாத்துக்கும், ரேம் ஸ்பீடு பத்தி கவலையே படாதீங்க. 4800லயே நின்னுட்டாத்தான் கொஞ்சம் வருத்தப்படணும்.

கேள்வி: வாரண்டில மாத்தித் தருவாங்களா? எதை மாத்தக் கேக்கணும்?

எக்ஸ்போ, எக்ஸ்எம்பி ரெண்டுமே ஓவர்க்ளாக்கிங், அதனால வர்ற டேமேஜுக்கு வாரண்டி இல்லன்னு ஏஎம்டியும் இன்டெல்லும் சின்ன எழுத்துல போட்டுத்தான் வச்சிருக்காங்க. அதனால "எக்ஸ்போ ஓடல"ன்னு ப்ராசஸரை எடுத்துட்டுப் போனா "5200ல ஓடுதா? ஓடுதுல்ல, போங்க"ன்னுதான் சொல்வாங்க, அது அவங்க பக்கம் சரிதான். ரேம் கம்பெனி அப்படி சொல்ல முடியாது, அவங்கதானே 6000னு அச்சடிச்சு வித்திருக்காங்க.

ஆனா ரேம் மேல குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அந்த கிட்டை வேற ஒரு பிசில, முடிஞ்சா வேற ப்ராசஸர்ல, 6000ல ஓட்டிப் பாருங்க. அங்கயும் எரர்னா மெம்டெஸ்ட் ஸ்க்ரீனை போட்டோ எடுத்து பில்லோட அனுப்புங்க, ரெண்டு ஸ்டிக்கையும் சேத்துத்தான் அனுப்பணும், கிட்டா வாங்கினதை ஒத்தை ஸ்டிக்கா எடுத்துக்க மாட்டாங்க. அங்க நல்லா ஓடுதுன்னா உங்க ப்ராசஸரோட கன்ட்ரோலருக்கு அவ்ளோதான் சக்தி, 5600ல வச்சுக்கோங்க. டீஃபால்ட் 4800லயே மெம்டெஸ்ட் எரர் காட்டினா மட்டும் யார்கிட்டயும் வாதாட வேண்டியதில்ல, எக்ஸ்போ பேச்சையே எடுக்காம நேரா வாரண்டிக்கு அனுப்பிடுங்க.